நோயாளரின் முறை: இலக்கத் துண்டு முதல் கட்டளை வரி வரை

ஆஸ்பத்திரிக்குச் செல்லும் நோயாளர் தம்மோடு இரண்டு பொருள்களைக் கொண்டு செல்கின்றார். ஒன்று அவருடைய நோய். மற்றொன்று அவருடைய பொழுது. நோயை ஆராய்வதற்கு வைத்தியர் இருக்கின்றார். பொழுதை ஆராய்வதற்கு யார் இருக்கின்றார்? இக்கேள்விக்கு மனிதர் காலந்தோறும் கண்டுவந்த விடைகளின் வரலாறே இன்றைய பேச்சின் பொருளாகும். அவ்வரலாறு ஊர் வைத்தியரின் திண்ணையிலே தொடங்கி, பதிவேட்டையும் இலக்கத் துண்டையும் கடந்து, கணினிக்குத் தானே கட்டளை எழுதும் செயற்கை நுண்ணறிவு முகவர் வரையில் வந்து நிற்கின்றது.

வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் ஏ-9 நெடுஞ்சாலையில், புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையே கனகராயன்குளம் என்னும் ஊர் உள்ளது. கனகராயன் ஆறு வடக்கே ஓடி இரணைமடுக் குளத்துக்கு நீர் கொடுக்கின்றது. வயலும் காடும் குளமும் சூழ்ந்த இந்நாட்டில் வாழும் கமக்காரர் ஒருவர் விசேட வைத்திய நிபுணரைக் காண வேண்டுமாயின், வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் பயணமாகின்றார். விடியுமுன் எழவேண்டும், பஸ்ஸுக்குக் காத்து நிற்கவேண்டும், அன்றைய கூலியை இழக்கவேண்டும். வைத்தியர் முன் அமரும் நேரம் சில நிமிடங்களே. அதற்காகக் கழிவது ஒரு பகல். இலங்கையின் அரசாங்க ஆஸ்பத்திரிகளிலே 1951 ஆம் ஆண்டு முதல் வைத்தியம் கட்டணமின்றி வழங்கப்படுகின்றது. மருந்து இலவசம், நோயாளரின் பொழுது மாத்திரம் இலவசமாகவில்லை. வறியவருக்கு அப்பொழுதே செல்வம். ஆகையால், முறையைக் காப்பது யார், எவ்வாறு காக்கின்றார் என்பது சிறிய கேள்வியன்று.

பழங்காலத்தில் நாட்டு வைத்தியரின் வீட்டுத் திண்ணையே காத்திருக்கும் மண்டபமாக இருந்தது. அங்கே ஏடு உண்டு. ஆயினும் அது மருந்தைச் சொல்லும் ஏடேயன்றி, வந்தோரைக் குறிக்கும் ஏடன்று. வந்தோரின் வரிசையை வைத்தியர் தம் கண்ணாலேயே காத்தார். பாம்பு தீண்டிய ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தால், திண்ணையில் இருந்தோர் தாமே எழுந்து வழிவிட்டனர். இவ்வொழுங்கிலே ஒரு நன்மையும் ஒரு தீமையும் இருந்தன. அவசரம் எது என்று அறியும் கண் ஒன்று அங்கே இருந்தது நன்மை. அக்கண்ணுக்கு உறவும் சாதியும் செல்வமும் சேர்ந்தே தெரிந்தன என்பது தீமை. யார் முந்தினார், யார் பிந்தினார் என்று பின்னர் கேட்பதற்குச் சான்று ஏதும் இருக்கவில்லை.

எழுத்தும் வைத்தியமும் ஒன்றுசேர்ந்த காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டு. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். மானிப்பாயில் இருந்து மேலைநாட்டு வைத்தியத்தைக் கற்பித்த அவர், பின்னர் அதனைத் தமிழ் மொழியிலேயே கற்பிக்கத் துணிந்தார். அவர் தமிழாக்கிய உடற்கூற்று நூலாகிய ‘அங்காதிபாதம்’ வெளிவந்தது. நோயாளர் தம் மொழியிலே நோயைச் சொல்லவும், வைத்தியர் அம்மொழியிலேயே அதனை விளங்கி எழுதவும் கூடும் என்பதனை அவர் செய்து காட்டினார். இச்செய்தி பின்னரும் வேண்டப்படும். நேயர்கள் நினைவில் வைத்திருத்தல் நலம்.

1858 இல் ஆங்கில அரசாங்கம் இலங்கையிலே குடிசார் வைத்தியத் திணைக்களத்தை நிறுவியது. திணைக்களம் வந்தால் பதிவேடும் உடன் வருவது இயல்பு. பெயர், ஊர், வயது, நோய், திகதி என்று கோடிட்ட பக்கங்கள் ஆஸ்பத்திரி மேசைக்கு வந்தன. வன்னி நாட்டை அக்காலத்தில் வாட்டியவை காய்ச்சலும், பரங்கி என்று மக்கள் வழங்கிய புண் நோயும். பரங்கி நோயைப் பற்றி அரசாங்கத்தின் தலைமை வைத்திய அதிகாரி கின்ஸி 1881 இல் ஓர் அறிக்கை எழுதினார். வன்னி மாவட்டங்களைப் பற்றி ஜே. பி. லூயிஸ் எழுதிய கையேடு 1895 இல் வெளியாயிற்று. இவ்வாறு நோயாளர் எழுத்திலே இடம்பெற்றனர். ஆயினும் அவ்வெழுத்து நடந்ததைக் கூறும் எழுத்து. நாளை யார் வரவேண்டும், எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று அது கூறவில்லை.

பின்னர் மக்கள் தொகை பெருகியது. கட்டணம் நீங்கியபின் ஆஸ்பத்திரி வாசலிலே கூட்டமும் பெருகியது. வெளிநோயாளர் பிரிவிலே இலக்கத் துண்டு வழங்கும் வழக்கம் நிலைபெற்றது. நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்ற நெடுநோய் உடையோருக்குக் கிளினிக் கொப்பி வந்தது. அக்கொப்பி நோயாளரின் கையிலேயே இருக்கும். அடுத்த முறை வரவேண்டிய திகதி அதில் எழுதப்பட்டிருக்கும். இலக்கத் துண்டு செய்த பெரும் தொண்டு ஒன்று உண்டு. செல்வரும் வறியவரும் அதன் முன் ஓர் எண்ணாயினர். பதினேழாவது வந்தவர் எவராயினும் அவர் பதினேழே. ஆயினும் திண்ணை வைத்தியரின் கண்ணுக்குத் தெரிந்த அவசரம் துண்டுக்குத் தெரியாது. அதனை உணர்வதற்கு ஒரு தாதியோ ஊழியரோ வரிசையை நோக்கிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. துண்டும் கண்ணும் சேர்ந்தபோதே முறை நிறைவுற்றது.

காத்திருத்தலைக் கணக்கிட்டு ஆராயும் முயற்சி ஆஸ்பத்திரியிலே தொடங்கவில்லை. தொலைபேசி நிலையத்திலே தொடங்கியது. டென்மார்க் தேசத்தவரான எர்லாங் என்னும் கணித அறிஞர், கொப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியிலே பணிபுரிந்தபோது, அழைப்புகள் எவ்வாறு குவிகின்றன என்பதை ஆராய்ந்து 1909 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வரிசைக் கோட்பாடு என்னும் துறைக்கு அதுவே வித்து. பிரித்தானியாவில் 1948 இல் தேசிய சுகாதார சேவை தொடங்கிய பின்னர், நோர்மன் பெய்லி என்பவர் அக்கணக்கை ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுவந்தார். 1952 இல் அவரும் வெல்ச் என்பவரும் வெளியிட்ட ஆய்வு, வெளிநோயாளரை எந்த இடைவெளியில் வரச்சொல்லலாம் என்பதற்கு ஒரு விதி கூறியது. தொடக்கத்திலே இருவரை ஒருங்கே வரச்சொல்லுக. அடுத்து வருவோரை, ஒருவரைப் பார்ப்பதற்குச் சராசரியாக ஆகும் நேரத்தை இடைவெளியாக வைத்து ஒவ்வொருவராக வரச்சொல்லுக. விதி சிறிது; அதன் கருத்துப் பெரிது. எல்லோரையும் காலை எட்டு மணிக்கே வரச்சொன்னால் வைத்தியரின் ஒரு நிமிடமும் வீணாகாது. நோயாளரின் மணிகள் வீணாகும். அவ்வாறு செய்வோர் வைத்தியரின் பொழுதுக்கு விலை வைத்து, நோயாளரின் பொழுதுக்கு விலையே வையாதவராகின்றனர். இருவர் பொழுதையும் ஒரே தராசில் இடவேண்டும் என்பதே பெய்லியின் கணக்கு உணர்த்திய நீதி.

இனி, கட்டளை வரி என்பது எவ்வாறு பிறந்தது என்பதை நோக்குதல் வேண்டும். ஆதிக் கணினிகளுக்கு வேலை கொடுப்போர் துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டு மணிக்கணக்காகக் காத்திருந்தனர். கணினிக்கு முன்னும் வரிசை இருந்தது என்க. 1961 இல் அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திலே கோர்பட்டோ என்பவரும் அவருடைய குழுவினரும், ஒரே கணினியைப் பலர் ஒருங்கே பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டினர். ஒவ்வொருவரும் தட்டச்சுப் பொறி போன்ற முனையத்தின் முன் அமர்ந்து ஒரு வரி எழுதுவர். கணினி ஒரு வரியில் விடை கூறும். பலரும் ஒரு பொறியைப் பகிர்ந்தமையால், ஒருவருடைய கோப்பை மற்றொருவர் திறவாதிருக்கக் கடவுச்சொல் என்னும் காவலும் அங்கே உண்டாயிற்று. கட்டளையும் காவலும் ஒரே வீட்டில் பிறந்த உடன்பிறப்புகள் எனலாம்.

1966 இல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம், எலிசா என்னும் நிரல் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். உளவைத்தியரைப் போலக் கேள்வி கேட்பதற்கு அந்நிரல் பழக்கப்பட்டிருந்தது. எழுதியவரின் சொற்களையே திருப்பிக் கேட்பதன்றி அதற்கு வேறு அறிவு இருக்கவில்லை. ஆயினும் பலர் அதனிடம் மனம் திறந்து எழுதியதைக் கண்டு அதனை ஆக்கியவரே திகைத்தார். அக்காலத்தை ஒட்டியே மாசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையிலே, நோயாளர் பதிவுகளுக்கென்று மம்ப்ஸ் என்னும் கணினி மொழி உருவாயிற்று. 1969 இல் பெல் ஆய்வுகூடத்திலே யுனிக்ஸ் என்னும் இயக்கமுறை தொடங்கியது. ஒவ்வொரு நிரலும் ஒரு வேலையைச் செவ்வையாகச் செய்யவேண்டும், அதன் விளைவை எழுத்தாகக் கொடுக்கவேண்டும், அவ்வெழுத்தை வேறொரு நிரல் வாங்கிக்கொள்ளவேண்டும் என்பது அங்கே வேரூன்றிய மரபு. எழுத்தை வாசிக்கக்கூடிய எவரும் அவ்வீட்டுக்குள் நுழையலாம். இன்றைய செயற்கை நுண்ணறிவு கட்டளை வரியிலே எளிதாகப் பழகுவதற்கு இம்மரபே காரணம். அது வாசித்து வளர்ந்ததும் எழுத்தையே அல்லவா?

கட்டளை வரிக்கு ஒரு குணம் உண்டு. சொன்னதை அது செய்யும். சொல்லவேண்டியது அதுதானா என்று கேளாது. இக்குணத்தினால் நேர்ந்த துயரம் ஒன்றும், இதனைக் கையாண்ட மனிதரின் குணத்தினால் நேர்ந்த துயரம் ஒன்றும் வரலாற்றில் பதிந்துள்ளன.

முதலாவது, தெராக்-25 என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பொறி பற்றியது. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் அறுவர் அப்பொறியினால் அளவிறந்த கதிர்வீச்சுக்கு ஆளாயினர். சிலர் உயிரிழந்தனர். பொறியை இயக்குவோர் முனையத்திலே சிகிச்சையின் வகையைத் தட்டச்சுச் செய்வர். தவறாக ஓர் எழுத்தை இட்டு, உடனே விரைந்து அதனைத் திருத்தினால், திரையிலே திருத்தம் தோன்றும். பொறியின் உள்ளே பழைய கட்டளையின் ஒரு பகுதி நிற்கும். ‘பிழை 54’ என்று மாத்திரம் திரை கூறும். அதன் பொருள் யாது என்பது இயக்குவோருக்கு விளங்கும்படி எங்கும் சொல்லப்படவில்லை. பொருள் விளங்காத பிழைச்செய்திகள் நாள்தோறும் வந்துகொண்டிருந்தமையால், ஓர் எழுத்தை அழுத்தி மேலே செல்வது அவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. டெக்ஸாஸ் மாநிலத்து ஆஸ்பத்திரி ஒன்றிலே பௌதிகவியலாளரும் இயக்குநரும் மீண்டும் மீண்டும் தட்டச்சுச் செய்து பார்த்தே, வேகமான கைதான் பிழையை எழுப்புகின்றது என்று கண்டறிந்தனர். முந்திய பொறிகளிலே இருந்த இயந்திரத் தடைகளை நீக்கி, காவலை நிரலிடமே ஒப்படைத்தமை பெரும் குற்றமாக ஆராய்ச்சியாளரால் எடுத்துக்காட்டப்பட்டது.

இரண்டாவது, நேரே முறை பற்றியது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிகளிலே நோயாளருக்கு நாள் குறிக்கும் வேலை, 1980களில் எழுந்த கணினி முறையொன்றினால் நடந்துவந்தது. எழுத்தர்கள் எழுத்துத் திரையின் முன் அமர்ந்து, ஒவ்வொரு வரியாகக் கேள்விக்கு விடை தட்டி, நாள் குறித்தனர். 2014 இல் அரிசோனா மாநிலத்து பீனிக்ஸ் நகரிலே உண்மை வெளியாயிற்று. அங்கே சுமார் 1,700 முன்னாள் வீரர்கள் எந்தக் காத்திருப்புப் பட்டியலிலும் சேர்க்கப்படாமல் காத்திருந்தனர். முதல் வைத்திய சந்திப்புக்கு 24 நாள்களே ஆகின்றன என்று மேலிடத்துக்குக் கணக்குக் கொடுக்கப்பட்டது. பரிசோதகர்கள் 226 பேரை மாதிரியாக எடுத்து நோக்கியபோது சராசரி 115 நாள்கள் ஆயின. அமைச்சராக இருந்த எரிக் ஷின்செக்கி 2014 மே 30 இல் பதவி விலகினார். இங்கே கணினி பழுதடையவில்லை. எழுதியதை எழுதியபடியே அது காத்தது. எழுதப்படாதவரை அது அறியாது. கணக்கு அழகாக இருக்கவேண்டும் என்று விரும்பியவர்கள், மனிதரை ஏட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டனர்.

இலங்கையை நோக்குவோம். தனியார் வைத்திய நிலையங்களிலே நிபுணரைக் காண முன்னரே இலக்கம் பெறுவதை மக்கள் ‘சனல் பண்ணுதல்’ என்று வழங்குகின்றனர். 2000 ஆம் ஆண்டையடுத்து அது கணினி வலையமைப்பிலும் தொலைபேசியிலும் பரவியது. அரசாங்கத் துறையிலே, கம்பஹா மாவட்டத்துத் தொம்பே ஆஸ்பத்திரி நோயாளர் பதிவைக் கணினியில் நடத்தும் முன்னோடியாகப் பெயர்பெற்றது. 2020 ஜனவரியிலே கொவிட் நோய் பரவத் தொடங்கியபோது, ஒஸ்லோ பல்கலைக்கழகத்திலே வளர்ந்த டி.எச்.ஐ.எஸ்-2 என்னும் திறந்த மென்பொருளை அடிப்படையாகக் கொண்டு, இலங்கையர் ஒரு கண்காணிப்பு முறையை விரைந்து அமைத்தனர். பின்னர் பல நாடுகள் அவ்வழியைப் பின்பற்றின. சிறு நாட்டவரும் இக்கருவிகளைத் தம் தேவைக்கேற்ப வளைத்துக்கொள்ள வல்லவர் என்பதற்கு இது சான்று.

வன்னிக்கென்று தனி வரலாறும் ஒன்று உண்டு. அது கடிகாரத்தின் வரலாறு. மின்சாரத்தைச் சேமிக்கும் நோக்குடன் இலங்கை அரசாங்கம் 1996 மே மாதத்தில் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. அவ்வாண்டு ஒக்டோபரில் அதில் அரை மணியைக் குறைத்தது. எஞ்சிய அரைமணி வேறுபாடு 2006 ஏப்ரல் வரை நீடித்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளோ பழைய நேரத்தையே கைக்கொண்டன. 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் ஏ-9 பாதை திறந்தபோது, கனகராயன்குளத்திலிருந்து ஓமந்தைச் சோதனை நிலையத்தைக் கடந்து வவுனியாவுக்குச் சென்றவர் கடிகாரத்திலே அரை மணியையும் கடந்தார். வவுனியாவில் ஒன்பது மணி என்றால் கனகராயன்குளத்தில் எட்டரை. ஆஸ்பத்திரியிலே ஒன்பது மணிக்கு வரச்சொன்னவருக்கு அந்த ‘ஒன்பது’ யாருடைய ஒன்பது என்று அறிவது இன்றியமையாததாயிற்று. உலகக் கணினிகள் பல நாடுகளின் நேர மாற்றங்களை ஒரு பொதுப் பட்டியலிலே வைத்திருக்கின்றன. அதில் இலங்கை முழுவதும் கொழும்பின் பெயரால் அமைந்த ஒரே பதிவில் அடங்கும். வன்னியின் அரைமணிக்கு அங்கே தனியிடம் இல்லை. மக்கள் வாழ்ந்த நேரம் ஒன்றாகவும், பொறி அறிந்த நேரம் மற்றொன்றாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

இப்பின்னணியிலேதான் செயற்கை நுண்ணறிவு முகவரை நோக்கவேண்டும். ஆஸ்பத்திரிகளின் கணினிகள் தம்முள் பேசுவதற்கு ஒரு பொது மொழி தேவைப்பட்டது. அவுஸ்திரேலியரான கிரஹாம் கிரீவ் 2011 இல் தொடக்கிவைத்த ‘பயர்’ என்னும் தரநிலை அத்தகையது. அதிலே வைத்தியரின் கால அட்டவணை, அதிலுள்ள காலியிடம், நோயாளரின் சந்திப்பு ஆகிய மூன்றும் தனித்தனிப் பதிவுகளாக உள்ளன. மொழியை வாசித்து எழுத வல்ல நுண்ணறிவு மாதிரிகளைப் பிற கருவிகளோடு இணைப்பதற்கு, 2024 நவம்பரில் அந்த்ரோபிக் நிறுவனம் ஒரு திறந்த இணைப்பு விதியை வெளியிட்டது. அதனையடுத்து, கட்டளை வரியிலே தாமே கட்டளை எழுதி, விடையை வாசித்து, அடுத்த கட்டளையைத் தீர்மானிக்கும் முகவர்கள் பரவலாயின.

அதன் செயல்முறை அறிவதற்கு அரியதன்று. நாள் குறிக்கும் கணினித் தளத்துக்கு ஒரு சிறு கட்டளை நிரல் அமைக்கப்படுகின்றது. காலியிடங்களைக் காட்டு, சந்திப்பை முன்மொழி, சந்திப்பை நீக்கு என்பன போன்ற சில ஏவல்களே அதற்குத் தெரியும். எழுத்தர் ஒருவர், “கனகராயன்குளத்திலிருந்து காலை பஸ்ஸில் வருபவருக்கு அடுத்த வாரம் பத்து மணிக்குப் பின் கண் கிளினிக்கில் இடம் பாருங்கள்” என்று தமிழிலே எழுதுகின்றார். முகவர் அதனை வாசித்து, உரிய திகதிகளை இட்டுக் கட்டளையாக மாற்றுகின்றது. நிரல் அதனைத் தளத்துக்கு அனுப்புகின்றது. விடை எழுத்தாகத் திரும்புகின்றது. முகவர் அதனைத் தமிழிலே எடுத்துரைக்கின்றது. பெய்லி 1952 இல் விரும்பிய கணக்கை, பஸ் வரும் நேரத்தையும் சேர்த்து, ஒவ்வொரு நோயாளருக்கும் தனித்தனியே போடக்கூடிய வாய்ப்பு இது. இது சிறிய நன்மையன்று.

ஆயினும் மேலே கூறிய வரலாறு, காவல்கள் சிலவற்றை வற்புறுத்துகின்றது. முகவரை முதலில் உண்மையான நோயாளரோடு இணைத்தலாகாது. கற்பனைப் பெயர்களை இட்ட பயிற்சித் தளத்திலே பழக்கவேண்டும். அதற்குக் கொடுக்கும் திறவுகோல் அதற்கென்றே உரியதாயும், வேண்டிய கதவை மாத்திரம் திறப்பதாயும், குறித்த காலத்தில் காலாவதியாவதாயும் இருத்தல் வேண்டும். அத்திறவுகோலைக் கட்டளை வரியிலே வெளிப்படையாகத் தட்டுதல் தவறு. கட்டளை வரி, தட்டிய வரிகளைத் தன் வரலாற்றுக் கோப்பிலே சேமித்து வைக்கும் இயல்புடையது. தொடர்பு இடையிலே அறுந்தால் முகவர் விடையைக் காணாது அதே கட்டளையை மீண்டும் அனுப்பக்கூடும். ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஓர் அடையாள எண் இட்டால், இருமுறை வந்த வேண்டுகோள் ஒன்றே எனத் தளம் உணர்ந்து, ஒருவருக்கு இரண்டு இடம் கொடாது. நோயாளரின் குறிப்பிலே எவரேனும் எழுதிவைத்த வாசகத்தை முகவர் தனக்கிட்ட ஏவலாக மயங்கிக் கொள்ளுதலும் நிகழக்கூடியதே. இவ்வகைத் தாக்குதலுக்கு 2022 இலேயே தனிப் பெயர் இடப்பட்டது. ஆதலின் வாசிப்பதற்குரியது எது, செய்வதற்குரியது எது என்ற வேலி தளத்திலேயே அமைதல் வேண்டும். முகவரின் நல்லறிவை நம்பி விடுதல் போதாது. தெராக் பொறியில் நீக்கப்பட்ட இயந்திரத் தடையின் பாடம் இதுவே.

எல்லாவற்றிலும் முதன்மையானது இன்னொன்று. முன்னர் கூறிய தரநிலையிலே ஒரு சந்திப்புக்குப் பல நிலைகள் உண்டு. ‘முன்மொழியப்பட்டது’ என்பது ஒன்று. ‘பதிவு செய்யப்பட்டது’ என்பது வேறொன்று. முகவர் முன்மொழியலாம், பதிவு செய்வது பெயர் சொல்லக்கூடிய ஒரு மனிதரின் கையாக இருத்தல் வேண்டும். எந்தக் கட்டளை, எந்த நேரத்தில், யாருடைய அனுமதியோடு சென்றது என்பதும் அழியாத ஏட்டிலே நிற்கவேண்டும். திண்ணை வைத்தியரிடம் இல்லாத சான்றும், இலக்கத் துண்டுக்கு இல்லாத கண்ணும் அப்போதே ஒன்றுசேரும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலம் பற்றிய தரவைச் சிறப்புக் காவலுக்குரியதாக வகுத்துள்ளது. ஆகவே இது நல்லெண்ணத்தின் பாற்பட்டது மாத்திரமன்று, சட்டத்தின் பாற்பட்டதுமாகும்.

தமிழருக்கே உரிய சிக்கல் ஒன்றையும் கூறுதல் தகும். தமிழ்ப் பெயர் ஒன்று ஆங்கில எழுத்திலே பலவாறு எழுதப்படும். சிவராசா என்பவர் ஓர் ஏட்டில் ஒரு விதமாகவும், மற்றோர் ஏட்டில் வேறு விதமாகவும் காணப்படுவார். தந்தையின் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கும். ஒரே ஊரிலே ஒரே பெயருடையோர் மூவர் இருப்பர். தேசிய அடையாள அட்டையின் எண்ணும் 2016 முதல் பன்னிரண்டு இலக்கமாக மாறியது. பழைய அட்டையுடையோருக்கு ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். போரினாலே பலமுறை இடம்பெயர்ந்த குடும்பங்களிலே பத்திரங்கள் தொலைந்தமையும் உண்டு. பெயர் ஒத்திருக்கின்றது என்று மாத்திரம் கண்டு முகவர் நாள் குறிக்குமாயின், ஒருவருடைய முறை மற்றொருவருக்குப் போய்ச் சேரும். இரண்டு அடையாளங்களேனும் ஒத்தாலன்றி எழுதாதே என்று விதிப்பதும், ஐயம் எழுந்தால் ஊகியாது கேள் என்று பழக்குவதும் இங்கே மிக வேண்டப்படுவன. கிறீன் வைத்தியர் காட்டிய வழி இங்கே மீண்டும் பொருந்துகின்றது. நோயாளர் சொன்ன சொல் தமிழிலேயே பதியப்பட்டால், பெயர்மாற்றத்தில் எழும் பிழைகள் பல பிறவாமலே நின்றுவிடும்.

இறுதியாக, பீனிக்ஸ் நகரத்துப் பாடம் வன்னிக்கும் உரியது. கைத்தொலைபேசி இல்லாத முதியவர் உண்டு. உண்டாயினும் அதில் வரும் செய்தியை வாசிக்க இயலாதவர் உண்டு. மழைக்காலத்திலே பாதை தடைப்பட்டுக் குறித்த நாளில் வர இயலாதவர் உண்டு. இவர்களைத் தளம் ‘வராதவர்’ என்று ஒரு சொல்லால் குறித்துவிடும். அச்சொல்லுக்குள் வெள்ளமும் வறுமையும் பஸ் தவறியதும் அடங்கியிருப்பதைக் கணினி அறியாது. எத்தனை பேருக்கு விரைந்து நாள் குறிக்கப்பட்டது என்னும் கணக்கோடு, எத்தனை பேர் ஏட்டுக்கு வெளியே நின்றனர் என்னும் கணக்கையும் எடுக்கும் ஆஸ்பத்திரியே முறையைக் காத்த ஆஸ்பத்திரியாகும்.

கனகராயன்குளத்திலே நாளை இத்தகைய ஏற்பாடொன்று அமையுமாயின், அதனைக் கொண்டுவருவோரிடம் ஊரார் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. இந்த முகவர் எவற்றைச் செய்யலாம், எவற்றைச் செய்யலாகாது? அது பிழை செய்தால் அதனைத் திருத்த எந்த வாசலில், எந்த மனிதரிடம் செல்லவேண்டும்? கிளினிக் கொப்பியை மாத்திரம் கையிலே பிடித்துக்கொண்டு வரும் ஒருவருக்கு அன்றும் இடம் உண்டா? இம்மூன்றுக்கும் தமிழிலே தெளிவான விடை கிடைக்குமாயின், கருவியை அஞ்சவேண்டியதில்லை. வைத்தியரைக் கண்டு, மருந்தும் பெற்று, நண்பகல் பஸ்ஸிலே ஒரு கமக்காரர் ஊர் திரும்பினால், அன்று மாலையில் வயலுக்கு நீர் பாய்ச்ச அவருக்குப் பொழுது இருக்கும்.